வன்னிக் கூத்துக் களரியும் ஒலிபெருக்கியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாறு பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகள் கூத்து நூல்களின் கதைமூலம், யாப்பு, பாடபேதம், ஆட்டமுறை, உடையொப்பனை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. ஆயின், கூத்துக் களரியைச் சூழ்ந்திருந்த மக்களின் காதுகளில் அக்கூத்து எவ்வாறு விழுந்தது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. பாடலாலும் தாளத்தாலும் இயங்கும் ஒரு கலையின் வரலாறு, அதன் ஒலியின் வரலாற்றை விடுத்து முழுமை பெறாது. ஒலி வெறும் பௌதிகப் பொருளாயினும், அதனை யார் எழுப்புகின்றனர், யாருக்காக எழுப்புகின்றனர், எக்கருவி கொண்டு எழுப்புகின்றனர் என்பன சமூக உறவுகளைச் சார்ந்த வினாக்களாகும்.

இக்கட்டுரை வன்னிப் பெருநிலப்பரப்பை, குறிப்பாக இன்றைய கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை, களமாகக் கொண்டு, ஒலிபெருக்கியின் வருகை கூத்தின் அமைப்பையும் அதனை ஆக்கியும் நுகர்ந்தும் வந்த மக்களின் உறவையும் எவ்வாறு மாற்றிற்று என்பதனை ஆராய முனைகின்றது. பழைமை மீது கொண்ட நாட்டத்தினால் மட்டும் இவ்வினா எழவில்லை. 2009இல் போர் முடிவுற்றபின் வன்னியிற் பாடசாலை மண்டபங்களும் பொது மண்டபங்களும் மீளக் கட்டப்பட்டன. அவற்றுக்கென ஒலித்தொகுதிகளும் வாங்கப்படுகின்றன. அவை எக்கலையை மனத்திற் கொண்டு திட்டமிடப்படுகின்றன என்பதிலே கூத்தின் எதிர்காலம் பெரிதுந் தங்கியுள்ளது.

1. களரியின் ஒலியமைப்பு

ஆடரங்கின் அளவுக்கும் மனிதக் குரலுக்கும் உள்ள தொடர்பைப் பண்டையோர் நன்கறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என வரையறுக்கின்றது. கோலாவது பெருவிரல் அளவில் இருபத்துநான்கு. ஒரு விரலை ஏறத்தாழ ஓர் அங்குலமெனக் கொண்டால், அவ்வரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமுங் கொண்ட சிறு மேடையாகும். வடமொழி நாட்டியசாத்திரமும் 64 முழ நீளமும் 32 முழ அகலமுங் கொண்ட நடுத்தர அரங்கினையே மானிடர்க்கு ஏற்றதென விதந்துரைத்து, அதனினும் பெரிய அரங்கிற் சொல் தெளிவிழந்து போகும் எனக் காரணமுங் காட்டுகின்றது. அரங்கின் எல்லை மனிதக் குரலின் எல்லை என்பதே இவ்விரு நூல்களும் உணர்த்தும் பொது உண்மை.

வன்னியின் கூத்து மரபிலே தலையாயது கோவலன் கூத்து. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு நெருங்கிய தொடர்புடைய இக்கூத்தின் தனித்துவங் கருதி, முல்லைத்தீவுப் பகுதியின் ஆட்ட, இசை மரபினை 'முல்லைமோடி' என ஆய்வாளர் வழங்குவர். இதனோடு காத்தவராயன் கூத்தும் வன்னிக் கிராமங்களில் நெடுங்காலமாக ஆடப்பட்டு வந்துள்ளது. இக்கூத்துகள் இராமுழுதும் திறந்த வெளியில் ஆடப்பட்டவை. கூரையோ, ஒலியைத் திருப்பியனுப்பும் சுவரோ இல்லாத களரியில், நூற்றுக்கணக்கானோருக்கு ஒரு நடிகனின் பாட்டு எவ்வாறு கேட்டது?

திறந்த வெளியில் ஒலிமூலத்திலிருந்து தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலிமட்டம் ஆறு டெசிபெல் குறைகின்றது. இரண்டு மீற்றர் தூரத்தில் 70 டெசிபெல்லாகக் கேட்கும் குரல் பதினாறு மீற்றர் தூரத்தில் 52 டெசிபெல்லாக இறங்கிவிடும். மேலும், வாயிலிருந்து புறப்படும் ஒலி எல்லாத் திசைகளிலும் ஒரேயளவாகப் பரவுவதில்லை. சொல்லைத் தெளிவாக்கும் மெய்யொலிகள் உயர் மீடிறன்களிலே தங்கியுள்ளன. அவை முன்னோக்கியே மிகுதியாகச் செல்கின்றன. எனவே நடிகனின் முதுகுப்புறத்தே இருப்பவருக்கு ஓசை கேட்கலாம், சொல் விளங்காது.

இவ்விடர்ப்பாட்டுக்குக் கூத்துமரபு கண்ட விடைகள் பல. நடிகன் களரியைச் சுற்றி ஆடுகின்றான்; அதனால் ஒவ்வொரு பக்கத்தாரும் முறைமுறையே அவன் முகத்துக்கு எதிரே அமைகின்றனர். அவன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் மீளப் பாடுகின்றனர். முதன்முறை தப்பிய சொல் இரண்டாம் முறை காதிற் படுகின்றது. உச்சச் சுருதியிற் பாடுதல், சொற்களை நீட்டிப் பிரித்திசைத்தல், பாட்டு ஓய்ந்த இடத்திலே தாளக்கட்டினை முழங்கவிடுதல் ஆகியவையும் இவ்வகையினவே. காத்தவராயன் கூத்திலே கதாநாயகனின் வெவ்வேறு பருவங்களுக்கு வெவ்வேறு நடிகர் தோன்றும் வழக்கம், விடியும்வரை நீளும் குரலுழைப்பைப் பலரிடையே பங்கிடுவதாகவும் அமைந்தது. கூத்து இரவில் ஆடப்பட்டமைக்கு உழைப்பாளரின் ஓய்வு நேரமே முதற்காரணமாயினும், அதற்கோர் ஒலியியற் பயனும் உண்டு. பகலிற் சூடேறிய நிலத்தையடுத்த காற்று ஒலியை மேல்நோக்கி வளைக்கின்றது. இரவில் நிலம் குளிர்ந்தபின் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரஞ் செல்கின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பிற்பாட்டும் வட்ட ஆட்டமும் மத்தள முழக்கமும் அழகியல் மரபுகளாக இருந்த அதேவேளை, மின்சாரமற்ற சமூகமொன்று கூட்டுழைப்பினால் அமைத்துக்கொண்ட ஒலிபெருக்கும் முறையாகவும் இருந்தன எனக் கொள்ள இடமுண்டு. ஒருவரின் குரலை ஊரின் குரல் பெருக்கிற்று.

2. ஒலிபெருக்கியின் வருகை

மேலைநாட்டில் மின் ஒலிபெருக்கி பொதுவாழ்வுக்குள் நுழைந்தது முதலாம் உலகப் போர்க் காலத்திலாகும். பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிதம் ஆகிய இருவரும் கலிபோர்ணியாவில் அமைத்த 'மக்னவொக்ஸ்' என்னுங் கருவி 1915ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருந்திரளான மக்களுக்கு இசையையும் பேச்சையும் கேட்பித்தது. 1919இல் ஐக்கிய அமெரிக்க சனாதிபதி வூட்றோ வில்சன் சான் டியேகோவில் அதே வகைக் கருவியின் துணையுடன் உரையாற்றினார். 1925இல் ரைஸ், கெலொக் ஆகியோர் வெளியிட்ட இயங்குசுருள் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பே இன்றுவரை நிலைத்துள்ளது. அதே 1925ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1947இல் திரான்சிற்றர் கண்டுபிடிக்கப்பட்டமை, பாரமான வால்வுக் கருவிகளின் இடத்தை மின்கலத்தில் இயங்கும் இலகுவான கருவிகள் பிடிக்க வழிவகுத்தது.

இக்கருவியின் முதற் பெரும் பயன்பாடு அரசியற் பேச்சாக இருந்தமை மனங்கொளத்தக்கது. அது ஒருவர் பேசப் பலர் கேட்கும் உறவுக்கென வளர்ந்த கருவி. ஜேர்மானிய நாடகாசிரியர் பேட்டோல்ற் பிறெஃற் 1932இல் வானொலி பற்றி எழுதியபோது, அது விநியோகக் கருவியாக மட்டும் இருப்பதை விடுத்துப் பரிமாற்றக் கருவியாக மாற்றப்படவேண்டும் என வாதிட்டார். அவ்வாதம் ஒலிபெருக்கிக்கும் பொருந்தும்.

வன்னியின் குடியிருப்புகள் குளங்களை அண்டியும் கடலோரமாகவும் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்தவை. கிளிநொச்சி நகரமே 1936இல் குடியேற்றத் திட்டமொன்றின் பகுதியாக உருப்பெற்றது. இத்தகைய கிராமங்களிலே பந்தத்தின் இடத்தை முதலிற் பெற்றோமாக்ஸ் விளக்கு பிடித்தது. பின்னரே ஒலிபெருக்கி வந்தது. கோயில் திருவிழா, அரசியற் கூட்டம், கலியாண வீடு என்னும் வழிகளால் அது கிராம வாழ்வினுட் புகுந்தது. பனையிலோ கம்பத்திலோ உயரக் கட்டப்பட்ட கூம்புக் குழலிலிருந்து சினிமாப் பாட்டு எழுந்தால், அயற்கிராமத்தாருங் கொண்டாட்டம் நடப்பதை அறிந்துகொண்டனர்.

3. கூத்தில் நிகழ்ந்த மாற்றங்கள்

ஒலிபெருக்கி கூத்துக்கு அளித்த நன்மைகளை முதலிற் கூறுதல் முறையாகும். கூட்டம் பெருகியபோது பின்வரிசையாருக்குஞ் சொல் எட்டிற்று. வயதினாற் குரல் தளர்ந்த அண்ணாவிமார் தொடர்ந்து பாட முடிந்தது. உச்சக் குரல் வளம் இல்லாதாரும் பாத்திரமேற்கலாம் என்ற நிலை உருவாயிற்று. வடபகுதிக் கோயில்கள் பலவற்றிலே சாதியின் பெயரால் வீதிக்கு அப்பால் நிறுத்தப்பட்ட மக்களின் காதுகளுக்கும் உள்ளே நிகழ்ந்தவை எட்டின. கேட்கும் உரிமை நுழையும் உரிமையாகாது என்பது உண்மையே. எனினும், வேலியால் ஒலியைத் தடுக்க முடியவில்லை என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தியே.

இனி, இழப்புகளை நோக்குவோம். முதலாவது, ஆட்டத்தின் தளர்ச்சி. ஒலிவாங்கி நட்ட இடத்தில் நிற்கும் பொருள். நடிகன் அதனை அண்மித்தபோது குரல் பெருகிற்று, விலகியபோது மறைந்தது. ஆகவே பாடும்போது ஒலிவாங்கியின் முன்னே நிற்பதும், பாட்டு முடிந்தபின் ஆடுவதும் வழக்கமாயின. பாடிக்கொண்டே ஆடுதல் என்னும் கூத்தின் அடிப்படைத் திறன் இரண்டாகப் பிளவுபட்டது. வட்டமாக அமைந்த களரிக்கு ஒலிவாங்கி ஒரு 'முன்'பக்கத்தையும் உண்டாக்கிற்று.

இரண்டாவது, பிற்பாட்டின் நலிவு. நடிகனின் ஒரு குரலே எங்குங் கேட்கத் தொடங்கியபின், அவ்வடியை மீளப் பாடுதல் தேவையற்ற நீட்சியாகத் தோன்றலாயிற்று. பிற்பாட்டுக்காரருக்கெனத் தனியே ஒலிவாங்கி வைக்கப்படாத இடங்களில் அவர்கள் பாடியும் கேட்கப்படாதவராயினர். ஊரார் பங்குகொள்ளும் வாயில்களில் ஒன்று இவ்வாறு ஒடுங்கியது.

மூன்றாவது, மத்தளத்தின் ஒலிச்சிதைவு. திருவிழாக்களிற் பயன்பட்ட கூம்புக் குழல், பேச்சொலியைத் தொலைவுக்கு அனுப்புதற்கென அமைந்தது. ஏறத்தாழ 300 ஹேட்ஸ் மீடிறனுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை அது பெரும்பாலும் வெளியிடுவதில்லை. மத்தளத்தின் தொப்பிப் பக்கத்து ஆழ்ந்த முழக்கம் அந்த எல்லைக்குக் கீழேயே கிடக்கின்றது. எனவே குழலின் வழியாக வந்த மத்தளம் வலந்தலையின் வெட்டொலியாக மட்டுங் கேட்டது. தாளத்தின் உலோக ஒலியோ அளவுக்கு மீறிக் கூர்மை பெற்றது. கூத்தின் அடித்தளமான ஓசை அகன்று, அதன் விளிம்பு மட்டும் எஞ்சியது எனலாம்.

நான்காவது, காலக் குழப்பம். வன்னியின் வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். களரியிலிருந்து எழுபது மீற்றருக்கு அப்பாற் கட்டிய குழலின் அருகிலிருப்பவர், குழலின் ஒலியைக் கேட்டு ஐந்திலொரு விநாடி கழிந்தபின்னரே களரியின் ஒலியைக் கேட்பார். ஏறத்தாழ இருபதிலொரு விநாடிக்கு மேற்பட்ட இடைவெளி ஏற்படின் பேச்சொலி இரண்டாகப் பிரிந்து கேட்கும் என்பதனை ஹெல்முற் ஹாஸ் 1949இல் ஆய்வு மூலம் விளக்கினார். விரைவான தாளக்கட்டுகள் பெருந்திடலின் ஓரத்திற் குழம்பிக் கேட்பதன் காரணம் இதுவேயன்றி, மத்தளகாரரின் பிழையன்று.

இவை யாவற்றினும் ஆழமான மாற்றம் ஒலியின் உடைமையிலே நிகழ்ந்தது. குரலும் மத்தளமும் ஊருக்குச் சொந்தமானவை. ஒலிபெருக்கியோ வாடகைக்கு வருவது. எவர் குரல் எழவேண்டும், எவர் குரல் தாழவேண்டும் என்னும் முடிவு, அண்ணாவியாரின் கையிலிருந்து விரியலாக்கியின் திருகைப் பிடித்திருப்பவரின் கைக்கு மாறியது. அவர் கூத்தறிந்தவராயின் நன்று. பெரும்பாலும் அவருக்குக் கூத்துப் பயிற்சியோடு எவ்விதத் தொடர்பும் இருப்பதில்லை. மாதக்கணக்காகப் பயின்ற கலையை ஓரிரவு மட்டும் வரும் ஒருவர் இறுதியில் வடிவமைக்கின்றார்.

4. படச்சட்ட அரங்கின் செல்வாக்கு

ஒலிபெருக்கியின் வருகையோடு காலத்தால் ஒட்டி நிகழ்ந்தது கூத்தின் மேடைமாற்றம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவரைக் கொண்டு தயாரித்த கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகியவை, விடியவிடிய ஆடிய கூத்தினைச் சுருக்கிப் படச்சட்ட அரங்கிற்குக் கொணர்ந்தன. படித்தோரிடையே கூத்து மதிப்புப் பெற்றமைக்கு இம்முயற்சிகள் ஆற்றிய பணி பெரிது. ஆயின், களரி ஒருமுக அரங்காகியபோது, பார்வையாளர் அனைவரும் ஒரே திசையில் அமர்ந்தனர். ஒலிவாங்கி களரிக்குட் புகுத்திய 'முன்'பக்கம் இங்கே கட்டடமாகவே உறுதிபெற்றது. வன்னியிலும் முல்லைமணி வே. சுப்பிரமணியத்தின் பண்டாரவன்னியன் போன்ற வசன நாடகங்கள் மேடையேறிய காலத்தில், உரையாடலைக் கேட்பித்தற்கு ஒலிவாங்கி இன்றியமையாததாயிற்று. வசன நாடகத்தின் தேவைகளே மண்டப ஒலியமைப்பின் பொது அளவுகோலாக நிலைபெற்றன. கூத்துக்கு வேறு தேவைகள் உண்டு என்பது மறக்கப்பட்டது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் பேராதனையிலேயே உண்டு. நாடகம் என்னும் கூத்துவகையின் மரபிலிருந்து 'மனமே' (1956), 'சிங்கபாகு' (1961) ஆகியவற்றை ஆக்கிய சரச்சந்திரவின் பெயரைத் தாங்கும் திறந்தவெளி அரங்கு, மலைச்சரிவின் இயல்பைப் பயன்படுத்தி அமைந்தது. சரிவிலே படிப்படியாக உயரும் இருக்கைகள், முன்னிருப்போரின் தலைகள் ஒலியை மறிக்காது காக்கின்றன. கிரேக்கத்தின் எப்பிடாறஸ் அரங்கு கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே உணர்த்திய பாடமும் இதுவே. வன்னி சமதரையாயினும் அங்கே குளக்கட்டுகள் உள்ளன. குளக்கட்டின் உட்சரிவு நீருக்குரியது. வெளிச்சரிவை அடுத்த மேட்டுநிலம் மக்கள் அமர்தற்குரிய இயற்கைப் படியாக அமையக்கூடும்.

5. போரும் ஒலியும்

1990 தொடக்கம் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. எரிபொருளும் மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்குள் அடங்கின. மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்ட காலம் அது. 1995 ஒக்ரோபர் இறுதியில் நிகழ்ந்த யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின்னர் பெருந்தொகையான மக்கள் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் ஒலிபெருக்கி இயங்க மின்பிறப்பாக்கி வேண்டும்; மின்பிறப்பாக்கி இயங்க எரிபொருள் வேண்டும். எரிபொருளை உடையவரே உரத்த குரலையும் உடையவராயினர். தொழில்நுட்பம் அதிகாரத்தைச் சார்ந்து நிற்கும் என்னும் பொது விதியை இதனினும் வெளிப்படையாகக் காட்டுதல் அரிது.

அதேவேளை, வானூர்தியின் இரைச்சலையும் எறிகணையின் ஓசையையுங் கொண்டு தூரத்தையும் திசையையும் கணிக்க அக்காலத்துக் குழந்தைகளும் பழகிக்கொண்டனர். திடீரென எழும் பேரொலி அவ்வாறு வளர்ந்தோருக்கு வெறும் ஒலியன்று. அளவுமீறிய ஒலியைக் கொண்டாட்டத்தின் அடையாளமாகக் கருதும் ஒலித்தொகுதி அமைப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். 2009 வரை தொடர்ந்த இடப்பெயர்வுகளில் கூத்துக் கொப்பிகள் அழிந்தன. அண்ணாவிமாரும் கலைஞரும் மாண்டனர், சிதறினர். இன்று எஞ்சியுள்ள ஒவ்வொரு குரலும் ஒரு நூலகத்தின் மதிப்புடையது. அதனைச் சிதைத்துப் பெருக்குதல் இரண்டாவது இழப்பாகும்.

6. இன்று செய்யக்கூடியவை

மேற்கூறியவற்றிலிருந்து, கூத்துக்குரிய ஒலித்தொகுதியின் அடிப்படைகள் சிலவற்றை வகுக்கலாம்.

முதலில் மண்டபம். சீமெந்துச் சுவரும் தகரக் கூரையுங் கொண்ட மண்டபத்தில் ஒலி நெடுநேரம் எதிர்முழங்கும். அங்கே வலுக்கூடிய கருவிகளை வாங்குதல் முழக்கத்தையே பெருக்கும். 1895 தொடக்கம் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் வொலஸ் சபின் இத்தகைய மண்டபமொன்றை ஆராய்ந்தபோது, இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, அவை கூடக்கூட எதிர்முழக்கம் குறைவதை அளந்து கண்டார். நவீன மண்டப ஒலியியல் அவ்வெளிய சோதனையிலிருந்தே பிறந்தது. தும்பு விரிப்பு, தடித்த துணி, சுவரை விட்டுச் சற்று விலக்கித் தொங்கவிடும் பாய் ஆகியன வன்னியிற் கிடைக்கும் பொருள்களே. இவற்றுக்குச் செலவிடும் பணம் கருவிக்குச் செலவிடும் பணத்தினும் பயன்தரும்.

இரண்டாவது, களரியின் வட்டத்தன்மையைக் காத்தல். இரு பக்கங்களிற் பேரொலிபெருக்கிகளைக் குவிப்பதை விடுத்து, களரியைச் சூழச் சிறிய ஒலிபெருக்கிகள் பலவற்றை வைத்து, ஒவ்வொன்றும் தன் அண்மையிலுள்ளோருக்கு மட்டும் தாழ்ந்த அளவில் ஒலிக்கச் செய்யலாம். தொலைவில் வைக்கப்படுபவற்றின் ஒலியை உரிய அளவு தாமதிக்கச் செய்யும் வசதி இன்றைய எண்முறைக் கருவிகளிற் சாதாரணமாக உண்டு. அவ்வாறு செய்யின் களரியின் இயற்குரல் முதலில் எட்டும். கருவியின் ஒலி அதனைத் தாங்கி நிற்கும். பார்வையாளர் நடிகனிடமிருந்தே ஒலி வருவதாக உணர்வர்.

மூன்றாவது, ஒலிவாங்கிகளின் பங்கீடு. நடிகன் அணிந்து ஆடக்கூடிய கம்பியற்ற ஒலிவாங்கி ஆட்டத்துக்கு விடுதலை அளிக்கின்றது. ஆயின், பிற்பாட்டுக்காரருக்கும், மத்தளத்தின் இரு முகங்களுக்கும், சதங்கையொலிக்குத் தரைமட்டத்திலும் தனித்தனி ஒலிவாங்கிகள் இல்லாதவிடத்து அது தனிமனிதக் குரலின் ஆதிக்கத்தை மேலும் வலுப்படுத்தும். தாழ்ந்த மீடிறன்களை வெளியிடவல்ல ஒலிபெருக்கியொன்றேனும் மத்தளத்தின் பொருட்டு வேண்டும். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் இன்றைய விரியலாக்கிகள் மின்கலத்திலும் இயங்கக்கூடியவை. மின்வழி எட்டாத களரிகளுக்கு இது பேருதவியாகும்.

நான்காவது, சட்டம். 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம், வெலிகமைப் பள்ளிவாசலொன்று தொடர்பான வழக்கில், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனப் பணித்தது. சிறப்பு நிகழ்வுகளுக்கு, அயலவரின் கருத்தறிந்து, வரையறுத்த நேரத்துக்கு அனுமதி அளிக்கவும் இடம் வைத்தது. ஒலி அவ்விடத்தின் எல்லையைத் தாண்டலாகாது என்பதும் அதன் நெறி. இராக்கூத்துக்கு இது தடையாகத் தோன்றினும், தன் எல்லைக்குள் நின்று தெளிவாக ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கிகளின் அமைப்பே இந்நெறிக்கும் பொருந்துவது. நோயாளரினதும் மாணவரினதும் உறக்கத்தைக் காப்பதும் கூத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை என நாம் கொள்ளவேண்டியதில்லை.

இறுதியாக, ஒலியை இயக்குபவர் கூத்துக் குழுவின் உறுப்பினராதல் வேண்டும். அவர் பயிற்சிக் காலத்திலேயே வந்திருந்து, வரவுப் பாட்டையும் தருவையும் தாளக்கட்டையும் அறிந்து, பார்வையாளர் நடுவேயிருந்து, அண்ணாவியாரின் சொற்படி இயக்குதல் வேண்டும். கிராமத்து இளைஞரும் இளம்பெண்களும் இதனைக் கற்கலாம்.

முடிவுரை

ஒலிபெருக்கி கூத்தை அழித்தது என்று கூறுதல் தொழில்நுட்பத்தின் மீது வீண்பழி சுமத்துவதாகும். அதனாலேயே கூத்து வாழ்கின்றது என்று கூறுதலும் அவ்வாறே பிழை. வேறொரு தேவைக்கென வளர்ந்த கருவியை, தன் தேவை யாதென வகுத்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்ட சமூகம் தன் கலையை அக்கருவிக்கேற்ப வளைத்தது என்பதே வரலாறு காட்டும் உண்மை. இந்நிலையை மாற்றுதற்கான அறிவு வன்னியிலேயே இரு கூறாகக் கிடக்கின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உள்ளது. முல்லைத்தீவிலே கோவலன் கூத்தின் மரபறிந்தோர் உள்ளனர். அளவுகருவி ஏந்திய மாணவர் களரியோரத்தில் ஓரிரவு அமர்ந்து, ஒலிபெருக்கி இல்லாத கூத்து எத்தனை மீற்றர் எட்டுகின்றது, பிற்பாட்டு அதனை எவ்வளவு கூட்டுகின்றது, மத்தளத்தின் முழக்கம் எம்மீடிறனில் நிற்கின்றது என்பவற்றை அளந்து பதிவுசெய்தல் இன்று இயலும். அம்மரபறிந்த மூத்தோர் நம்மிடையே வாழும்போதே அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.